சம்பந்தி முன்னால் மாட்டிய கால்

போன வைகாசிப் பௌர்ணமி முடிந்த இரண்டாம் நாள் ஒகேனக்கல்லில் நடந்தது இது. இப்போதும் யாராவது அருவி என்று சொன்னால் என் வலது கணுக்கால் ஒரு முறை தானாகக் கூசும்.

நான் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம் குடியிருப்பவன். புள்ளியியல் துறையில் காலம் முழுக்க எதையாவது எண்ணிக்கொண்டே இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு வேலைக்குத்தான், எண்ணுவதற்கு இல்லை. படி ஏறினால் எண்ணுவேன், பஸ்ஸில் போனால் வேகத்தடைகளை எண்ணுவேன், கல்யாண வீட்டுக்குப் போனால் மின்விசிறிகளை எண்ணி அதில் எத்தனை சுற்றவில்லை என்றும் பார்த்துவிடுவேன். கூடவே கவலைப்படும் பழக்கமும் உண்டு. எண்ணி முடித்த பிறகு மனது சும்மா இருக்காதே, அதற்காக.

இந்தப் பழக்கம் என் ஒரே பெண்ணின் கல்யாணத்தில் வினையாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேலூர்க்காரர்கள். சம்பந்தி கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக இருந்தவர். உயரமான மனிதர், வாய் திறந்து பேசுவதே அபூர்வம். தங்கள் பக்கம் இருநூறு பேர் வருவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முகூர்த்தம் முடிந்ததும் நான் பந்தியின் கோடியில் நின்று, அவர்கள் பக்கம் விழுந்த இலைகளை எண்ணினேன். முந்நூற்றுப் பதினேழு. மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். சமையல்காரரைக் கூப்பிட்டு, "பாத்தியாய்யா, இருநூறுன்னு சொல்லிட்டு முந்நூத்துப் பதினேழு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், கைகழுவும் இடத்தில் ஈரக்கையோடு சம்பந்தி நிற்கிறார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எங்களுக்குள் இருந்த பேச்சு, "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கோம்", அவ்வளவுதான். திட்டுகிற மனிதரை நம்பலாம், எங்கே கோபம் என்று தெரிந்துவிடும். பேசாதவர் மனதில் என்ன வைத்திருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவருக்கு என் மேல் உள்ள கோபம் என் பெண் மேல் திரும்பினால்? நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோமா? இதே கவலையில் பல நாள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என் மனைவி மட்டும் நன்றாகத் தூங்கினாள். அது எனக்கு இன்னொரு கவலை.

இந்த நிலையில்தான் சம்பந்தியும் அவர் மனைவியும் வைகாசிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரப்போவதாகப் பெண் போன் செய்தாள்.

"அப்பா, மாமாவும் அத்தையும் நாலு நாள் நம்ம வீட்லதான் இருப்பாங்க. அவங்க முன்னாடி தயவுசெஞ்சு எதையும் எண்ணாதீங்க. இட்லியக்கூட."

"நான் எங்கம்மா எண்றேன்?"

"கல்யாணத்துல எண்ணினதே இந்த ஜென்மத்துக்குப் போதும்ப்பா."

வந்தார்கள். கிரிவலம் போனோம். ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நடக்கிறது. சம்பந்தி ஓரத்தில் கிடக்கும் கற்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் கழுத்தில் உருத்திராட்சம் தொங்கினால் அவர் கழுத்தில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. அவ்வப்போது ஒரு கல்லை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பேசாமலே மலையைச் சுற்றி வந்து சேர்ந்தபோது என் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

மறுநாள் பெண்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். சம்பந்தியம்மா ஒகேனக்கல் அருவியைப் பார்த்ததே இல்லையாம். கணவர் வருடா வருடம் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறார், மனைவியை ஒரு முறைகூட அழைத்துப் போகவில்லை. "நாளைக்கு எல்லாரும் போறோம்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். வாடகைக்குக் கார் பேசினோம். விடியற்காலையில் கிளம்பி செங்கம், ஊத்தங்கரை, தருமபுரி, பென்னாகரம் என்று போனோம். வழியெல்லாம் வேகத்தடைகளை வாய்க்குள்ளேயே எண்ணினேன். அது எண்ணுவதில் சேராது.

ஒகேனக்கல்லில் இறங்கியதும் முதலில் வந்து சேர்ந்தது மீன் வறுக்கும் வாசனை. அடுத்து எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு மசாஜ்காரர். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு.

"பெரியவரே, நடையே சரியில்லயே. கிரிவலம் போயிட்டு வந்த காலா? ஒரு மசாஜ் பண்ணிக்கினா போதும், ஓடுவீங்க."

"வேணாம்ப்பா."

"கம்மியாத்தான் கேப்பேன்."

"வேணாம்னு சொன்னேன் இல்ல?"

காசுக்காக இல்லை. கோவணத்தோடு பாறையில் குப்புறப் படுத்து நாலு பேர் பார்க்க அடி வாங்குவதா? அதுவும் சம்பந்தி முன்னால்? பெண்ணைக் கொடுத்தவனுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. இருந்த கொஞ்சத்தையும் இலை எண்ணிக் கெடுத்துக்கொண்டவன் நான். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும்.

பெண்கள் மர நிழலில் உட்கார்ந்து மீனுக்குச் சொன்னார்கள். அப்போது சம்பந்தி, கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"சம்பந்தி, அப்படி ஓரமாப் போய் பாறையெல்லாம் பாத்துட்டு வரலாமா?"

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கூட்டம் குளிக்கும் இடத்தைத் தாண்டி, தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடும் ஒரு பாறைப் பரப்புக்குப் போனோம். தூரத்தில் அருவி இரைந்து விழுந்து வெண்புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. சம்பந்தி பூதக்கண்ணாடியோடு ஒரு பாறையின் மேல் குனிந்துவிட்டார். எனக்கு வேலை இல்லை. பார்த்தால், பாறை முழுக்க வட்ட வட்டமாகக் குழிகள். யாரோ துளை போட்டு வழவழப்பாக்கிய மாதிரி. எண்ணாமல் எப்படி இருப்பது? பதினாறு எண்ணினேன். பதினேழாவது என் காலடியிலேயே இருந்தது. குடத்து வாய் அளவு. உள்ளே தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. எத்தனை ஆழம் இருக்கும்?

குச்சி ஒன்றும் அகப்படவில்லை. சம்பந்தி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலது காலை உள்ளே விட்டேன்.

முழங்கால் அளவு. ஆழம் தெரிந்துவிட்டது, திருப்தி. காலை எடுக்கலாம் என்று பார்த்தால், அடியில் கிடந்த உருண்டைக் கற்கள் நகர்ந்தன. செருப்பு குறுக்கே திரும்பி எதிலோ சிக்கிக்கொண்டது. முட்டி வலிக்கு நல்லது என்று என் பெண் வாங்கிக் கொடுத்த செருப்பு, கணுக்காலைச் சுற்றி வார் போட்டுப் பூட்டுவது. இழுத்தேன், வரவில்லை. ஏற்கனவே வீங்கிய கால். குனிந்து வாரை அவிழ்க்கப் பார்த்தேன். என் தொப்பைக்கும் என் கைக்கும் நடந்த போட்டியில் கை தோற்றது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி திரும்பினார்.

கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் இவர் சம்பந்தி. இலை எண்ணினவன், இப்போது குழியின் ஆழம் அளக்கப்போய்க் கால் மாட்டிக்கொண்டான் என்று வேலூர் முழுக்கச் சிரிக்கும். என் பெண் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? ஆகவே வேண்டுமென்றே தண்ணீரில் காலை வைத்து, ஆர்வமாகப் பாறையைப் பார்ப்பவன் போல நின்று கேட்டேன்:

"இந்தக் குழியெல்லாம் எப்படி வந்துச்சு சம்பந்தி?"

அந்தக் கேள்விக்காகவே அவர் பிறந்து வளர்ந்த மாதிரி முகம் மலர்ந்தது. கக்கத்தில் இருந்த குடையை விரித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெள்ளம் வரும்போது தண்ணி பாறையோட பள்ளத்துல சுழலும் சம்பந்தி. அதுல ரெண்டு மூணு கல்லு மாட்டிக்கும். வெளிய போக முடியாது. உள்ளயே சுத்திச் சுத்திப் பாறையைத் தேய்க்கும், தானும் தேயும். தேஞ்சு மணலாப் போனதும் அடுத்த வெள்ளத்துல வேற கல்லு வந்து விழும். இப்படி எத்தனையோ ஆயிரம் வருஷம். சில குழி வாய் குறுகி, வயிறு பெருத்து இருக்கும். அதுல ஒண்ணு விழுந்தா சுலபத்துல வெளிய வராது."

அதை நான் சொந்த அனுபவத்தில் அறிந்துகொண்டிருந்தேன்.

"வாங்க, அந்தாண்ட இதைவிட நல்ல குழி இருக்கு" என்றார்.

"இருக்கட்டும் சம்பந்தி. முதல்ல இதை முழுசாத் தெரிஞ்சுக்கறேன். பாறைக்கு என்ன வயசு இருக்கும்?"

கேள்வி கேட்டால் அவர் அருவியின் பக்கம் கையைக் காட்டி விளக்குவார். அந்த இடைவெளியில் நான் காலை ஒரு இழுப்பு இழுப்பேன். கால் வராது. அடுத்த கேள்வி. இப்படியாகத்தான் எனக்கு ஒகேனக்கல்லின் இயற்கை வரலாறு முழுவதும் தெரிய வந்தது. புகை, கல் இரண்டுக்கும் கன்னடத்தில் உள்ள சொற்கள் சேர்ந்து அந்தப் பெயர் வந்தது. இங்கே சில இடங்களில் இருப்பது சுண்ணாம்புச் சத்து நிறைந்த பாறை. சுண்ணாம்புக் கல் என்றால் பெரும்பாலும் கடலடியில் படிந்து உண்டாவது. இதுவோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலே வந்து இறுகியது, உலகத்தில் அதிகம் கிடைக்காத வகை. வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். சட்டைப்பையிலிருந்து, மீன் கடையில் வாங்கிய எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பாறையில் பிழிந்து, "சுண்ணாம்புன்னா நுரைக்கும், நுரைக்குதா பாருங்க" என்றார். நுரைக்கவில்லை. "அப்ப இது வேற பாறை" என்று கொஞ்சமும் தயங்காமல் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

கேள்விகள் தீர்ந்துகொண்டே வந்தன. எதையோ கேட்க வேண்டுமே என்று, "இந்த ஆத்துல முதலை இருக்குதா சம்பந்தி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இருக்கே!"

குழிக்குள் என் பெருவிரலில் ஏதோ உரசியது.

"ஆனா இப்படிச் சளசளன்னு ஓடுற இடத்துக்கு வராது. தேங்கின மடுவுலதான் கிடக்கும்."

நான் நின்ற குழியில் தண்ணீர் தேங்கித்தான் இருந்தது. முதலை நுழையும் அளவுக்குக் குழியில் இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். பெருவிரலுக்குத் தெரியவில்லை.

மேலிருந்து என் மனைவி கத்தினாள். "ஏங்க, மீன் ஆறிப்போவுது! வரீங்களா இல்லயா?"

"நீங்க சாப்பிடுங்க! பாடம் நடக்குது!"

"நான் சொல்றத ரெண்டு நிமிஷம் நின்னு கேட்டிருக்காரா இந்த மனுஷன்? கல்லைப் பத்திக் கேட்டுக்கினு நிக்கிறாரு பாருங்க சம்பந்தியம்மா" என்று அவள் சொல்வது தெளிவாகக் காதில் விழுந்தது.

சம்பந்தி மறுபடியும் குழி உண்டான கதைக்கு வந்தார். வெள்ளம், சுழல், கல், மணல். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது முறையாகவும் அதையே சொன்னார். பாவம், வயதாகிவிட்டது, சொன்னது மறந்துபோகிறது என்று எனக்குள் ஒரு புதுக் கவலை முளைத்தது. இன்னொன்றும் கவனித்தேன். வெயில் நகர நகர அவர் குடையும் நகர்ந்தது. நிழல் முழுக்க என் மேல் விழுந்தது. அவர் வழுக்கைத் தலை வெயிலில் சிவந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. கரையில் நின்ற காவலாளி கையை ஆட்டினார்.

"மேல ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க! மேல மழை, தண்ணி ஜாஸ்தியாவுது!"

குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டும் குழந்தையுமாக ஓடினார்கள். கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் முழங்காலை நோக்கி ஏறுவதை அப்போதுதான் பார்த்தேன். நிறமும் கலங்கியிருந்தது.

"நீங்க முன்னால போங்க சம்பந்தி" என்றேன்.

"சேச்சே, நீங்க போங்க. நான் பின்னாடியே வரேன்."

"இல்லல்ல, நீங்கதான் முதல்ல."

"நீங்க பெரியவங்க."

"யோவ், ரெண்டு பெருசும் அங்க என்னய்யா மரியாதை பண்ணிக்கினு நிக்கிறீங்க? ஏறுங்கய்யா!" என்று காவலாளி தொண்டை கிழியக் கத்தினார்.

தண்ணீர் என் இடது முழங்காலைத் தொட்டது. இனி மரியாதையைப் பார்த்தால் ஆள் மிஞ்சமாட்டான் என்று தெரிந்துவிட்டது.

"சம்பந்தி, ஒரு விஷயம்..."

"சொல்லுங்க."

"என் கால்..."

"தெரியும்."

எனக்கு ஒரு நிமிடம் அருவிச் சத்தமே கேட்கவில்லை. "எப்போலேருந்து?"

"நீங்க உள்ள விட்டப்பவே. அரவம் கேட்டுச்சே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லலையே. மாட்டிக்கினத நான் பாத்துட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு, நீங்களா எடுத்துக்கட்டும்னு விட்டேன். பாக்காத மாதிரி பக்கத்துல நிக்கணும்னா ஏதாவது பேசிக்கினே இருக்கணும் இல்ல? தெரிஞ்ச ஜியாலஜி எல்லாம் தீந்துபோச்சு சம்பந்தி. ஒரே குழியைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். நீங்க வேற எண்ணிடுவீங்களோன்னு ஒரே பயம்."

"மூணு தடவை" என்றேன். வாயில் வந்துவிட்டது.

சம்பந்தி சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கவும் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன். சிரித்த கையோடு குடையை எறிந்துவிட்டுக் கரையைப் பார்த்து, "எண்ணெய்! எண்ணெய் கொண்டாப்பா!" என்று கத்தினார். ஒரு பேராசிரியரின் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும் என்பது அப்போது எனக்குப் பயன்பட்டது. காலையில் என்னை மடக்கிய அதே மசாஜ்காரர், கிண்ணத்தை விட்டுவிட்டு டப்பாவோடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார். பின்னால் காவலாளி.

"அப்பவே ஒரு மசாஜ் பண்ணிக்கினு பேசாம மேலயே படுத்திருந்தா..."

"பேசாம ஊத்துய்யா" என்றார் காவலாளி.

தண்ணீர் ஓடும்போது மேலிருந்து ஊற்றினால் எண்ணெய் மிதந்து போய்விடும். மசாஜ்காரர் உள்ளங்கையில் ஊற்றி, கையைக் குழிக்குள் விட்டு என் காலில் வழித்துவிட்டார். ஆனால் வார் பூட்டியிருக்கிறதே. சம்பந்தி சட்டென்று மண்டியிட்டு, தோள் வரைக்கும் கையைக் குழிக்குள் விட்டார். அவர் முகம் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுந்தது. விரல்கள் என் கணுக்காலைப் பிடித்து வாரைத் தேடின.

நான் பதறிவிட்டேன். மாப்பிள்ளையைப் பெற்றவர், பெண்ணைப் பெற்றவனின் காலைத் தொடுவதாவது!

"சம்பந்தி, வேணாம்! காலைத் தொடாதீங்க! யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"கல்யாணத்துல என் பையன் காலை நீங்க தாம்பாளத்துல வெச்சுக் கழுவினீங்க இல்ல?" தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிராமலே சொன்னார். "ஆடாம நில்லுங்க, நானும் கழுவிக்கறேன்."

வார் அவிழ்ந்தது. காவலாளி என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்க, பாட்டிலிலிருந்து தக்கை வருவது போன்ற சத்தத்தோடு கால் வெளியே வந்தது. செருப்பு வரவில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறினோம். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறையே கண்ணுக்குத் தெரியவில்லை. கலங்கல் தண்ணீர்தான் ஓடியது. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மசாஜ்காரர் எங்களை விடவில்லை. எண்ணெய் பாதி உடம்பில் ஏறிவிட்டது, மீதியையும் ஏற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் நானும் சம்பந்தியும் கோவணத்தோடு பக்கத்துப் பக்கத்துக் கல்லில் குப்புறக் கிடந்து தபதபவென்று அடி வாங்கிக்கொண்டிருந்தோம். அடிக்கு நடுவே அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கல்யாணத்துல... எங்க பக்கத்து ஆளுங்க... சொன்னதுக்கு மேல வந்துட்டாங்க. எனக்கு ஒரே வெட்கம். உங்க முகத்தைப் பாத்து எப்படிப் பேசறதுன்னு தெரியாமத்தான்... இத்தனை நாளா..."

"கோபம்னு இல்ல நினைச்சேன்!"

"கோபமா? நீங்க எண்ணினது சரிதான். நானும் எண்ணினேன்."

என் மனைவி இந்தக் காட்சியைப் போனில் படம் பிடித்துப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த நிமிடமே போன் வந்தது. "அப்பா, ரெண்டு பேரும் என்னப்பா கோலம் இது? நான் ஆபீஸ்ல இருக்கேன், சிரிக்கக்கூட முடியல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

திரும்பும்போது நான் முன் இருக்கையில் உட்காரவில்லை. பின்னால் சம்பந்தியோடு உட்கார்ந்தேன். பென்னாகரம் தாண்டியதும் கேட்டேன்:

"அவ்வளவு ஆழத்துல இருந்த குழம்பு மேல எப்படி வந்துச்சு சம்பந்தி?"

அவர் முதலில் குனிந்து என் கால்கள் இரண்டையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நிஜமாத்தான் கேக்கறேன்" என்றேன்.

செங்கம் வரைக்கும் சொன்னார். முன் இருக்கையில் இருந்த சம்பந்தியம்மா, தன் கணவர் கல்யாணமான நாளாக இப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைக்காமல்தான் தவித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

அன்று இரவு படுத்ததும் எனக்கும் தூக்கம் வந்துவிட்டது. ஒரு கிழவனின் மானம் போய்விடக் கூடாதே என்று, தன் தலையை வெயிலில் காயவிட்டு, தெரிந்தும் தெரியாதவர் போல அத்தனை நேரம் நின்றவரின் வீட்டில் என் பெண் இருக்கிறாள். நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறேன் என்ற நிம்மதி அவளுக்குத் தாலி கட்டிய அன்று எனக்கு வரவில்லை, கால் மாட்டிய அன்றுதான் வந்தது.